சொந்த வேலைக்கு இன்க்ஸ்கேப்: திருகோணமலை டிசைனருக்கு எவ்வளவு தூரம் கூட வரும்?

கல்யாணக் கார்ட், பூப்புனித நீராட்டு விழா பனர், கோயில் திருவிழா நோட்டீஸ், நினைவஞ்சலி மலர், ரியூஷன் சென்டர் ஹான்ட்பில். திருகோணமலையில் டிசைன் வேலை பார்ப்பவரின் கணினியைத் திறந்தால் பெரும்பாலும் இவைதான் இருக்கும். காலையில் வந்த ஓடர் பின்னேரம் அச்சுக்குப் போக வேண்டும். வாடிக்கையாளர் ஒரு பழைய கார்ட்டைக் கொண்டுவந்து "இதே மாதிரி, பெயரை மட்டும் மாற்றுங்கோ" என்பார். அதில் குறை ஒன்றும் இல்லை. கடை ஓடுவது அதனால்தான்.

சிக்கல் வேறு இடத்தில் வரும். அதே டிசைனர் நிலாவெளியிலோ உப்புவெளியிலோ ஒரு ஹோட்டலுக்குப் போய், "உங்கள் பெயர்ப்பலகை, மெனு, அறை இலக்கம் எல்லாவற்றையும் ஒரே சீராகச் செய்து தருகிறேன்" என்றால், "இந்த மாதிரி முன்பு என்ன செய்திருக்கிறீர்கள்?" என்று கேட்பார்கள். காட்ட இருப்பது கல்யாணக் கார்ட். மனிதர்கள் கண்ணால் கண்டதைத்தான் கேட்பார்கள்; பனரைக் காட்டினால் பனர் ஓடர்தான் வரும். கிடைக்காத வேலையைச் செய்த அனுபவத்தை எங்கே பெறுவது? எவரும் கேட்காத ஒரு வேலையைத் தானே எடுத்து, கேட்டு வாங்கிய வேலையைப் போல முடித்து வைத்திருப்பதுதான் நடைமுறையில் உள்ள வழி. அதைத்தான் இங்கே சொந்த வேலை என்கிறோம்; அதற்கு இன்க்ஸ்கேப் என்ற இலவச வரைமென்பொருள் உதவுமா என்று பார்ப்போம்.

இதற்கு நல்ல சாட்சி அமெரிக்க எழுத்து வடிவமைப்பாளர் ஜெசிகா ஹிஷ். 2009இல் அலங்கார முதலெழுத்துகளை நாளுக்கு ஒன்றாக வரைந்து இணையத்தில் போடத் தொடங்கினார். வாடிக்கையாளர் எவரும் அதைக் கேட்கவில்லை. பிறகு பெங்குயின் பதிப்பகம் ஏ முதல் இசட் வரை 26 நூல்களின் அட்டைகளுக்கு அலங்கார எழுத்து வரையும் வேலையை அவரிடம் கொடுத்தது. அவர் எதைச் சும்மா செய்து காட்டினாரோ, அதே வேலைதான் காசுக்கு வந்தது. சொந்த வேலையைத் தெரிவு செய்யும்போது இதை மறக்கக் கூடாது. அழகாக இருக்கிறதே என்று எதையாவது தொடங்குவதைவிட, எந்த வேலைக்கு உங்களை அழைக்க வேண்டுமென்று விரும்புகிறீர்களோ அதையே எடுங்கள்.

இனி மென்பொருளுக்கு வருவோம். இங்கே மதிப்பிடுவது இன்க்ஸ்கேப் 1.4. சோடிபோடி என்ற மென்பொருளிலிருந்து 2003இல் பிரிந்து வந்த இது, 2020 மே மாதம்தான் 1.0 என்ற எண்ணைத் தொட்டது, 1.4 வந்தது 2024 ஒக்டோபரில். விண்டோஸ், மக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். விலை இல்லை, கணக்குத் திறக்கத் தேவையில்லை, நிறுவிய பிறகு இணைய இணைப்பும் வேண்டாம். நாம் பார்த்தது ஒன்றுதான்: சொந்த வேலை ஒன்றைத் தொடக்கத்திலிருந்து கையில் பிடிக்கும் பொருளாக முடிக்கும் வரை இது கூட வருமா? அச்சக வாசல் வரை நன்றாக வருகிறது. வாசலில் இன்னொரு மென்பொருளின் துணை வேண்டும்.

சொந்த வேலைக்கு இது பொருந்துவதற்கு விலையைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு. இப்படியான வேலை தொடர்ச்சியாக நடப்பதில்லை. திருவிழாக் காலம் வந்தால் இரண்டு மாதம் கிடப்பில் போகும். நீண்ட வார விடுமுறை வந்தால் திரும்ப எடுப்போம். மாதச் சந்தா கட்டும் மென்பொருளில் அந்த இடைவெளிக்கும் டொலரில் காசு போகும், சந்தாவை நிறுத்தினால் சொந்தக் கோப்பையே திறந்து திருத்த முடியாமல் போகும். இன்க்ஸ்கேப்பின் கோப்பு எஸ்.வி.ஜி. என்ற திறந்த வடிவம். பல வருடம் கழித்தும் வேறு மென்பொருளில்கூடத் திறக்கும்.

சோதனைக்கு எடுத்த வேலை

திருகோணமலை பஸ் நிலையத்திலிருந்து போகும் பஸ்களின் முன்கண்ணாடியில் வைக்கும் ஊர்ப்பெயர்ப் பலகைகள். கொழும்பு, கண்டி, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, வவுனியா, அனுராதபுரம், கிண்ணியா, மூதூர், நிலாவெளி, புல்மோட்டை என்று பத்து ஊர், மூன்று மொழி. ஒரு பலகை 600 × 150 மி.மீ.

இது ஏன் நல்ல சொந்த வேலை? எண்ணிக்கைக்கு எல்லை உண்டு. பத்து முடிந்தால் முடிந்தது. மூன்று எழுத்துகளையும் சமமாக வைக்கும் திறமை இலங்கையில் ஹோட்டலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அரச அலுவலகத்துக்கும் தொண்டு நிறுவனத்துக்கும் வேண்டும், ஆனால் அதைச் செய்து காட்டும் டிசைனர்கள் குறைவு. பெரும்பாலான பலகைகளில் ஒரு மொழியை வடிவாக அமைத்துவிட்டு மற்ற இரண்டையும் கிடைத்த இடத்தில் அடைத்திருப்பார்கள். அதோடு, பெயர்கள் தரும் சிக்கல் உண்மையானது. தமிழில் 'கண்டி' மூன்றே எழுத்து. அதே ஊர் சிங்களத்தில் 'மஹநுவர'. 'மட்டக்களப்பு' தமிழில் நீளம். ஒரு பலகைக்குப் பொருந்தும் அமைப்பு அடுத்த பலகையில் உடையும். அதைத் தீர்த்த விதத்தைத்தான் பிறகு வாடிக்கையாளரிடம் காட்டப் போகிறோம்.

பக்க அமைப்பு இலகு. டொக்யுமென்ட் புரொப்பர்ட்டீஸில் அலகை மி.மீ. ஆக்கி, அளவைக் கொடுத்து, பேஜ் கருவியால் பத்துப் பக்கங்களை ஒரே கோப்பில் வைக்கலாம். பல பக்கம் வைக்கும் வசதி 1.2இல் வந்தது, பக்கத்துக்கு ஓர இடைவெளியும் வெட்டுக்கு வெளியே நீட்டும் பகுதியும் குறிக்கும் வசதி 1.3இல். பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் மாற்றிக்கொள்ள இதுவே போதுமான காரணம். தொடங்கும் முன் பிரெஃபரன்ஸ் பகுதியில், வடிவத்தைச் சுற்றிய அளவுப் பெட்டியான பௌண்டிங் பொக்ஸை ஜியோமெட்ரிக் என்று மாற்றுங்கள். இல்லாவிட்டால் கோட்டின் தடிப்பும் சேர்ந்து அளவாகக் காட்டும், 30 மி.மீ. என்று நினைத்தது 31 ஆக இருக்கும்.

தமிழும் சிங்களமும்: இன்க்ஸ்கேப்பின் பலம்

ஒரு வடிவமைப்பு மென்பொருளில் தமிழ் ஒழுங்காக வருமா என்பதுதான் நமக்கு முதல் கேள்வி. இன்க்ஸ்கேப் எழுத்துச் சேர்க்கையை ஹாஃப்பஸ் என்ற நிரல் நூலகத்திடம் விடுகிறது. அதனால் எந்த அமைப்பையும் தேடி மாற்றாமலே 'கொ', 'கௌ', 'க்ஷ', 'டீ' எல்லாம் சரியாக விழும். அடோபியின் இலஸ்ட்ரேட்டரில் இதற்கு இந்திய எழுத்துகளுக்கான விருப்பத்தை இயக்கி, பந்திப் பட்டியலில் தென்னாசியக் கம்போசரைத் தெரிவு செய்ய வேண்டும். அது தெரியாமல் "அடோபியில் தமிழ் உடையும்" என்று சொல்லிக்கொண்டு பாமினி என்ற பழைய எழுத்துருவிலேயே இருப்பவர்கள் இன்னும் நிறையப் பேர். அஃபினிட்டி என்ற வரைமென்பொருளில் இரண்டாம் பதிப்பு வரைக்கும் தமிழ்ச் சேர்க்கை ஒழுங்காக இல்லை.

பாமினியைப் பற்றிச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய முறை அது. இன்க்ஸ்கேப்பில் பாமினி எழுத்தும் தெரியும், தடை இல்லை. ஆனால் அந்த ஃபொன்ட் இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் அர்த்தமற்ற ஆங்கில எழுத்துகள் நிற்கும், தேடினால் அகப்படாது, இணையத்தில் போடவும் உதவாது. கடை வேலையில் பழைய கோப்புகளுக்காக அதை வைத்திருக்கலாம். சொந்த வேலையை, எல்லாக் கணினியிலும் ஒன்றாக இருக்கும் யுனிகோட் முறையில்தான் தொடங்க வேண்டும். விரல் பாமினிக்குப் பழகிவிட்டது என்பவர்களுக்கு என்.எச்.எம். ரைட்டர் என்ற தட்டச்சு மென்பொருள் உண்டு. அதில் பாமினி விசையமைப்பைத் தெரிவு செய்தால் அதே விசைகளில் யுனிகோட் விழும்.

உடையும் இடங்கள் இரண்டு. யுனிகோட்டில் கொம்பு பார்வைக்கு முன்னால் நின்றாலும் சேமிப்பில் மெய்யெழுத்துக்குப் பின்னால்தான் வரும். மாற்றியில் அரைகுறையாக மாற்றிய பாமினி உரையில் கொம்பு முன்னால் கிடக்கும்; அப்போது புள்ளி வட்டம் ஒன்று தலைகாட்டும். புள்ளி வட்டத்தைக் கண்டால் ஃபொன்ட்டைக் குறை சொல்லாமல் அந்தச் சொல்லை அழித்துத் திரும்ப அடியுங்கள். மற்றது 'ஔ'. பலர் 'ஒ' அடித்து 'ள' போட்டுவிடுவார்கள். 12 மி.மீ. எழுத்தில் தெரியாத இடைவெளி 60 மி.மீ. எழுத்தில் பளிச்சென்று தெரியும்.

சிங்களத்தில் கவனம் இன்னும் கூட வேண்டும். 'ஸ்ரீ'யிலும், 'த்ரிகுணாமலய' என்று சிங்களத்தில் எழுதும் நம் ஊர்ப்பெயரின் முதலெழுத்திலும், மெய்யோடு ரகரம் சேர்வதற்கு இடையில் சீரோ விட்த் ஜொயினர் என்ற, கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி வேண்டும். வாட்ஸ்அப்பிலிருந்தோ பழைய கோப்பிலிருந்தோ ஒட்டும்போது அது சில வேளை விழுந்துவிடும். விழுந்தால் இரண்டு எழுத்தும் பிரிந்து நிற்கும். தமிழ் டிசைனருக்கு அது பிழையாகத் தெரியாது. சிங்களம் வாசிப்பவருக்கு முதல் பார்வையிலேயே தெரியும். இன்க்ஸ்கேப்பில் இதைச் சரிசெய்வது சுகம்: கர்சரை உரிய இடத்தில் வைத்து, கன்ட்ரோலும் யூவும் சேர்த்து அழுத்தி, 200 என்ற இலக்கத்தையும் டி எழுத்தையும் அடித்து என்ட்டர் கொடுக்க வேண்டும். கோப்பு அச்சுக்குப் போகும் முன் சிங்களம் தாய்மொழியான ஒருவரிடம் காட்டுவதும் கட்டாயம். ஊர்ப்பெயர்களைத் தமிழிலிருந்து ஒலிபெயர்க்காமல் வழக்கில் உள்ள சிங்களப் பெயரையே போட வேண்டும் என்பதை 'மஹநுவர'வே காட்டும்.

ஃபொன்ட் தெரிவுக்கு நோட்டோ சான்ஸ் குடும்பம் பாதுகாப்பானது. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் ஒரே தடிப்பு வரிசையில் கிடைக்கும். கொஞ்சம் குணம் வேண்டுமென்றால் இலங்கை எழுத்துரு வடிவமைப்பாளர் தாரிக் அஸீஸின் பவனம், கவிவாணர் இரண்டும் கூகுள் ஃபொன்ட்ஸில் இலவசமாக உண்டு. கவிவாணர் கையெழுத்துச் சாயல் கொண்டது. பஸ் பலகைக்குச் சரிவராது, கடற்கரை உணவகத்துக்குப் பொருந்தும்.

மூன்றுக்கும் ஒரே பொயின்ட் அளவைக் கொடுத்தால் சமமாகத் தெரியாது. ஆங்கிலப் பெரிய எழுத்தின் உயரம் 30 மி.மீ. என்றால் தமிழ் 'ப'வின் உயரத்தை 26 முதல் 28 மி.மீ. வரை வைத்துத் தொடங்கி, பிறகு கண்ணால் சரிபார்க்கலாம். 'ப'வின் உயரத்தை அளக்க அந்த எழுத்தை மட்டும் பிரதி எடுத்து, பாத் பட்டியலில் எழுத்தை வடிவமாக்கும் ஒப்ஜெக்ட் டு பாத் கொடுத்து, மேலே உள்ள உயரப் பெட்டியைப் பாருங்கள். நேராக உரையின் அளவை நம்பினால் 'கு'வின் வாலும் 'ரி'யின் கொக்கியும் கணக்கில் சேர்ந்துவிடும். வரி இடைவெளியையும் ஆங்கில வழக்கப்படி விடாதீர்கள். மேலே விசிறியும் கீழே சுழியும் முட்டும். எழுத்து அளவின் 1.4 மடங்கிலிருந்து தொடங்கலாம்.

தூரத்திலிருந்து வாசிக்க ஓர் அங்குல எழுத்து உயரத்துக்குப் பத்து அடி என்று பெயர்ப்பலகைத் தொழிலில் ஒரு கணக்கு உண்டு. அது ஆங்கிலப் பெரிய எழுத்தை வைத்துச் சொன்னது. தமிழில் 'ண', 'ன' வித்தியாசம் ஒரு சுழியில்தான் தொங்குகிறது; அதனால் இன்னும் தாராளமாக வைக்க வேண்டும். ஒரு பலகையை முழு அளவில் ஏ4 தாள்களில் துண்டு துண்டாக அச்சிட்டு ஒட்டி, தெருவின் மறுபக்கம் நின்று பாருங்கள். திரையில் இதைத் தீர்மானிக்க முடியாது.

வரையும் கருவிகள்

உரையை மட்டும் அடுக்கினால் அது வெறும் எழுத்துக்கோப்பு வேலை. திறமை தெரிய வேண்டுமென்றால் எழுத்தில் கை வைக்க வேண்டும். 1.3இல் வந்த ஷேப் பில்டர் கருவி இதற்கு மிகவும் உதவுகிறது: மேலேறிக் கிடக்கும் வடிவங்களைத் தெரிவு செய்து, எக்ஸ் விசையை அழுத்தி, சேர வேண்டிய பகுதிகளின் மேல் இழுத்துவிட்டால் போதும். பழைய முறையில் யூனியன் (சேர்த்தல்), டிஃபரன்ஸ் (கழித்தல்) என்று மாறி மாறிக் கொடுத்த வேலை பாதியாகக் குறைகிறது.

கையெழுத்துப் படத்தை வடிவமாக்கும் டிரேஸ் பிட்மப்பைப் பற்றி அவ்வளவு உற்சாகமாகச் சொல்ல முடியாது. திருக்கடலூர்க் கரையில் வள்ளங்களில் கையால் எழுதிய பெயர்கள் நல்ல மூலப்பொருள். பலர் அவற்றைப் படம் எடுத்து நேரே டிரேஸ் கொடுத்துவிடுகிறார்கள். எவ்வளவு கருமையை எழுத்தாக எடுப்பது என்று சொல்லும் பிரைட்னஸ் கட் ஓஃப் 0.45இல் தொடங்கும், வெயிலில் எடுத்த படத்தில் நிழலும் எழுத்தாகிவிடும், குறைத்தால் மெல்லிய கோடு மறையும். எப்படிப் பார்த்தாலும் ஓர் எழுத்துக்கு நூற்றுக்கணக்கில் கணுக்கள் (வளைவைப் பிடிக்கும் புள்ளிகள்) விழும். சிம்ப்ளிஃபை கொடுத்தால் கூர்மையான மூலைகள் உருண்டுபோகும். டிரேஸை மங்கலாக அடியில் வைத்து, மேலே பென் கருவியால் புதிதாக வரைவதுதான் சரி: வளைவின் உச்சி, அடி, இடது, வலது எல்லைகளில் மட்டும் கணு. ஒரு 'ழ'வை இருபது முப்பது கணுக்களுக்குள் முடிக்கலாம். படத்தை நேர் எதிரே நின்று எடுங்கள்; சாய்த்து எடுத்தால் எழுத்தின் தடிப்பு ஒரு பக்கம் கூடிவிடும். எழுதியவர் யாரென்று விசாரித்து, அவர் சம்மதத்தோடு பெயரையும் போடுவது முறை.

வேகத்தில் இன்க்ஸ்கேப் சுமார்தான். மங்கல் விளைவையும் பெரிய படங்களையும் ஏற்றினால் 8 ஜி.பி. நினைவகம் உள்ள மடிகணினி திணறும். படங்களை உள்ளே பதிக்காமல் இணைப்பாக வைத்தால் கொஞ்சம் மூச்சு விடும். ஆனால் கோப்பை இடம் மாற்றும்போது படங்களையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

அச்சக வாசலில்

பெரிய குறை இங்கேதான். 1.4 வரைக்கும் இன்க்ஸ்கேப்பால் சி.எம்.வை.கே. எனும் அச்சின் நான்கு மை நிறத்தில் பி.டி.எஃப். தர முடியாது. வெளிவருவது எல்லாம் திரைக்கான ஆர்.ஜி.பி. நிறம். டிஜிட்டல் இயந்திரத்தில் ஐம்பது நூறு கார்ட் எடுப்பதாக இருந்தாலோ, ஃபிளெக்ஸ் பனர் என்றாலோ பெரும்பாலும் பிரச்சினை வராது, இயந்திரமே மாற்றிக்கொள்ளும். நிறம் சற்று மங்கும், அதிலும் பச்சையும் கடல் நீலமும். மைக்கு ஒரு தட்டு வைத்து அச்சிடும் ஓஃப்செட்டில் போனால் கதை வேறு. ஆர்.ஜி.பி. கறுப்பை மாற்றும்போது அது நான்கு மைகளும் கலந்த கறுப்பாக ஆகிவிடும். தட்டுகள் ஒரு முடியளவு விலகினாலும் சிறிய தமிழ் எழுத்தின் சுழிகள் அடைத்து, ஓரத்தில் சிவப்பும் நீலமும் தெரியும். "அச்சகம் கெடுத்துவிட்டது" என்று சொல்லும் பல வேலைகளில் பிழை கோப்பில்தான் இருக்கும்.

இதற்கு ஸ்கிரைபஸ் என்ற பக்க அமைப்பு மென்பொருள். அதுவும் இலவசம், 1.6 பதிப்பு 2024 ஜனவரியில் வந்தது. இன்க்ஸ்கேப் கோப்பில் பிரதி ஒன்றை எடுத்து, அந்தப் பிரதியில் மட்டும் உரை எல்லாவற்றையும் ஒப்ஜெக்ட் டு பாத் ஆக்குங்கள். மூலக் கோப்பில் உரை உரையாகவே இருக்கட்டும். நாளைக்கு ஒரு ஊர்ப்பெயரைத் திருத்த வேண்டியிருக்கும். பிரதியை ஸ்கிரைபஸில் இம்போர்ட் பட்டியலில் வெக்டர் கோப்பாக இறக்கி, முதலில் அளவு மாறவில்லையா என்று பாருங்கள். பிறகு டொக்யுமென்ட் செட்டப்பில் நிற மேலாண்மையை இயக்குங்கள். எடிட் பட்டியலில் ரிப்ளேஸ் கலர்ஸ் திறந்து, இறங்கிய ஆர்.ஜி.பி. கறுப்பை ஸ்கிரைபஸின் சொந்தக் கறுப்பாக மாற்றுங்கள். அது கறுப்பு மை மட்டும் நூறு வீதம். கடைசியில் பி.டி.எஃப். வெளியீட்டில் நிறப் பகுதியில் பிரின்டர் என்று தெரிவு செய்ய வேண்டும். அச்சகம் அச்சுக்கான பி.டி.எஃப்./எக்ஸ் வகையைக் கேட்டால் அதுவும் உண்டு. இன்க்ஸ்கேப்பின் மங்கல், நிழல் விளைவுகள் இந்தப் பாதையில் உதிர்ந்துவிடும். ஆகவே அச்சுக்குப் போகிற வேலையில் அவற்றைத் தொடாமல் இருப்பதே நல்லது.

ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரத்துக்கு இன்க்ஸ்கேப் நேரடியாகவே போதும், பஸ் பலகைக்கும் அதுதான் பொருத்தம். ஆனால் ஒரு பொறி இருக்கிறது. ஒரே கோப்பில் தடிப்பை மாற்றக்கூடிய புதிய வகை வேரியபிள் ஃபொன்ட்களில் ஓர் எழுத்தின் பாகங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். திரையில் தெரியாது, கத்தி அந்த ஏற்றத்தையும் வெட்டிவிடும், எழுத்தின் நடுவில் கீறல் விழும். பாத் ஆக்கிய பிறகு எழுத்து எழுத்தாக யூனியன் கொடுத்து, வியூ பட்டியலில் அவுட்லைன் தோற்றத்துக்குப் போய் உள்ளே கோடு ஏதும் மிச்சமா என்று பாருங்கள். கோடாக வரைந்தவற்றுக்கு, கோட்டை வடிவமாக்கும் ஸ்ட்ரோக் டு பாத் வேண்டும். சுழியின் உட்பகுதி 2 மி.மீ. அளவுக்குக் கீழே போனால் ஒட்டாமல் கழன்று வரும். 'ஞ', 'ணு', 'ளூ' மூன்றையும் முதலில் வெட்டிப் பாருங்கள். அவை தாங்கினால் மற்றவை தாங்கும்.

அச்சகத்தில் பலர் கோரல் ட்ரோ வைத்திருப்பார்கள், கோரல் கோப்பே கேட்பார்கள். இன்க்ஸ்கேப்பால் சில கோரல் கோப்புகளைத் திறக்க முடியும், கோரல் கோப்பாகச் சேமிக்க முடியாது. உரையை வடிவமாக்கிய பி.டி.எஃப். கொடுத்தால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள். எஸ்.வி.ஜி.யை அப்படியே அனுப்பாதீர்கள். பெட்டிக்குள் ஓடும் உரை மற்ற மென்பொருளில் சில வேளை காணாமல் போகும் அல்லது கறுப்புப் பெட்டியாக நிற்கும்.

காட்டும்போது

பத்துப் பலகையும் முடிந்தது. ஒரு படத்தை முகப்புத்தகத்தில் போட்டுவிட்டு விருப்பம் எண்ணிக்கொண்டிருந்தால் உழைப்பு வீண். வேலை தருபவர் பார்க்க விரும்புவது முடிவை மட்டும் அல்ல. இப்போது பஸ்ஸில் இருக்கும் பலகையின் படம், அதில் எந்த மொழி எங்கே நசுங்குகிறது என்ற ஒரு வரி, மூன்று எழுத்துகளின் உயரத்தை ஒப்பிட்ட வழிகோடுகள், கைவிட்ட ஓர் அமைப்பும் அதை ஏன் விட்டோம் என்பதும், வெட்டிய ஸ்டிக்கரைக் கையில் பிடித்த படம், கடைசியாகப் பத்தும் வரிசையாக. ஏழெட்டுப் படத்தில் இது அடங்கும். இன்க்ஸ்கேப்பின் பாட்ச் எக்ஸ்போர்ட்டில் பக்கங்களை ஒரே தடவையில் வெளியெடுக்கலாம்; டிசைனர்கள் வேலையைக் காட்டும் பெஹான்ஸ் போன்ற தளத்துக்கு 1400 புள்ளி அகலத்துக்குக் குறையாமல் வைத்தால் சுழிகள் கலங்காது.

இரண்டு இடத்தில் நல்ல வேலைகளும் சறுக்குகின்றன. இணையத்தில் இறக்கிய பஸ் மாதிரிப் படத்தில் பலகையை ஒட்டுவது முதலாவது. அந்தப் படங்களில் பல ஐரோப்பிய பஸ்கள். ஏறும் கதவு வலப்பக்கம் இருக்கும். இலங்கையில் பஸ் கதவு இடப்பக்கம். பார்க்கும் எவருக்கும் இது நடக்காத வேலை என்று உடனே பிடிபடும். பஸ் நிலையத்தில் அனுமதி கேட்டு எடுத்த ஒரு சுமாரான படம் அதைவிட எவ்வளவோ மேல். மற்றது, யாரோ கேட்டுச் செய்த வேலை போலக் காட்டுவது. இலங்கைப் போக்குவரத்துச் சபையின் இலச்சினையைப் போட்டு, அவர்களுக்குச் செய்தது போல எழுதி வைத்தால், ஒருவர் விசாரித்த நாளோடு மற்ற வேலைகளின் மீதான நம்பிக்கையும் போய்விடும். "சொந்த முயற்சி" என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். அதனால் மதிப்புக் குறைவதில்லை. ஏன் இதை எடுத்தீர்கள் என்ற கேள்வி வரும், பேச்சு அங்கிருந்துதான் தொடங்கும்.

முடியாமலே போகும் சொந்த வேலைகளின் கதை வேறு. 'திருகோணமலை மாவட்டம் முழுவதற்கும் அடையாளம்' என்று தொடங்கியது ஓர் இலச்சினையோடு நின்றிருக்கும். எண்ணிக்கையைச் சிறிதாக வைத்து, முதல் பலகையை வெட்டி எடுக்கும் வரை இரண்டாவதைத் தொடாமல் இருந்தால் பிழைகள் ஒரு பலகையோடு நின்றுவிடும். பத்தையும் திரையில் முடித்துவிட்டு வெட்டப் போனால் ஒரே பிழையைப் பத்து இடத்தில் திருத்த வேண்டிவரும்.

யாருக்கு வேண்டாம்

ஓஃப்செட் அச்சகத்தில் நாள் முழுவதும் நான்கு நிற வேலை செய்பவருக்கு இன்க்ஸ்கேப்பைப் பிரதானக் கருவியாகப் பரிந்துரைக்க முடியாது. ஒவ்வொரு தடவையும் ஸ்கிரைபஸ் வழியாகச் சுற்றி வருவது கட்டாது. அவருக்கு இலஸ்ட்ரேட்டரோ கோரலோதான் சரி. டெம்பிளேட்டுகளை வைத்து டிசைன் செய்யும் கன்வாவை இந்த வரிசையிலேயே சேர்க்கவில்லை. கடைக்கு அவசரமாக ஒரு முகப்புத்தகப் பதிவு போட அது நல்லது. ஆனால் அதே டெம்பிளேட் பத்துப் பேரின் தொகுப்பில் இருக்கும்போது, அதை வைத்துத் தன் கையைக் காட்டுவது கடினம்.

இன்க்ஸ்கேப்பை அதன் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். காசு கேட்கும் போலிப் பிரதிகளும் உண்டு. நிறுவியதும் பிரெஃபரன்ஸில் ஓட்டோசேவ் இயங்குகிறதா, எந்த இடத்தில் சேமிக்கிறது என்று பார்த்து வையுங்கள். பெரிய கோப்பில் யூனியன் கொடுக்கும்போது அது சில வேளை சொல்லாமல் மூடிக்கொள்ளும்.